குண்டு சொன்ன கடைசி வார்த்தை

அந்த வார்த்தைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த மூச்சை மாதங்கி வெட்டி எடுத்தாள். பிறகு மனசு கேட்காமல் பாதியைத் திரும்ப ஒட்டினாள். மூச்சே இல்லாமல் வருகிற வார்த்தை பொம்மை பேசுவதுபோல இருக்கும். மூச்சு அதிகமானாலோ வேறெங்கிருந்தோ பிய்த்துக்கொண்டு வந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். சாப்பாட்டு மேஜைமேல் லேப்டாப். ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் வைத்திருந்தாள். இன்னொரு காதை அடுத்த அறைக்கென்று விட்டிருந்தாள்.

அடுத்த அறையில் அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் யந்திரம். அது அறையின் காற்றை உள்ளே இழுத்து, வேண்டாததைச் சல்லடையில் நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் குழாய் வழியே மூக்குக்கு அனுப்பும். ஒரு சல்லடை நிரம்பியதும் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு மறு சல்லடைக்கு மாறிக்கொள்ளும். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பெருமூச்சைக் கேட்டுத் திடுக்கிட்டுப் போவார்கள். அது யந்திரத்துடையது. இடையில் மெல்லியதாகக் கேட்பதுதான் அப்பாவுடையது. அன்று காலையிலிருந்து அது நடுநடுவே நின்றது. நின்று, எதையோ யோசிப்பதுபோல இருந்துவிட்டு, மெதுவாக ஏறி, வேகம் பிடித்து, இறங்கி, மறுபடி நின்றது. காலையில் வந்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்காமலே கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கூடத்துக்கு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டே, பிள்ளையை வரச் சொல்லிவிட்டீர்களா என்று மட்டும் கேட்டார்.

சொல்லியாகிவிட்டது. ஜெய்ராம் புனேயிலிருந்து கிளம்பி ராத்திரி விமானத்தில் வருகிறான். வரும்வரை அப்பாவிடம் யாரும் எதையும் உளறிவைக்கக் கூடாது என்று போனில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தான். அப்பா வெங்கடநாராயணனைப் பொறுத்தவரை அவருக்கு வந்திருப்பது நுரையீரலில் பிடிவாதமான ஒரு கிருமி. ஆஸ்பத்திரியில் இருந்தால் இன்னும் நாலு கிருமி சேர்ந்துகொள்ளும் என்பதால் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இப்படித்தான் அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாதங்கி வெட்டிக்கொண்டிருந்த வார்த்தை ‘ஆஷி.’

‘பொந்தோ தொர்ஜா’ என்றால் மூடிய கதவு. பதினேழு வருஷமாக ஞாயிறுதோறும் சாயந்திரம் ஏழு மணிக்கு வருகிற வங்காளி துப்பறியும் தொடர். அதில் துப்பறிகிறவர் நிஷித் குண்டு. குண்டு என்பது வங்காளத்தில் ஒரு குடும்பப் பெயர். ஆள் மூங்கில் கழி மாதிரி இருப்பார். முதல் வாரமே அப்பா விழுந்து விழுந்து சிரித்து, இந்தக் குண்டுக்கு ரெண்டு வேளை சோறு போட்டால்தான் பேர் பொருந்தும் என்றார். ஊருக்கெல்லாம் நிஷித்பாபு. இந்த வீட்டில் மட்டும் குண்டு.

ஒவ்வொரு வாரமும் கதை ஒரே மாதிரி முடியும். குற்றவாளி பிடிபட்ட பிறகு குண்டு தன் வீட்டுக்கு வருவார். செத்துப்போன அண்ணனின் மனைவி, அவருடைய பௌதி, தேநீர் கொடுப்பாள். குடித்துவிட்டு அடுத்த வழக்குக்குக் கிளம்புவார். வாசற்படியில் திரும்பி நின்று, ‘ஆஷி’ என்பார். வரேன் என்று அர்த்தம். பௌதி, ‘எஷோ’ என்பாள். வா என்று அர்த்தம். வங்காளிகள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போறேன் என்று சொல்லமாட்டார்கள். சின்னப் பிள்ளை தெரியாமல் ‘ஜாய்’, அதாவது போறேன், என்று சொல்லிவிட்டால், அப்படிச் சொல்லக் கூடாது, ஆஷி சொல்லு என்று திருத்தி, திரும்பச் சொல்லவைத்த பிறகுதான் தெருவில் இறங்க விடுவார்கள். நம் வீடுகளிலும் அதேதான். அம்மா அனந்தலக்ஷ்மி கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்த புதிதில் அவளுக்கு முதலில் புரிந்த வங்காளி வார்த்தையே அதுதான். இந்த ஊர்க்காரா நம்ம மாதிரிதான், போறேன்னு சொல்றதில்லை என்று அவள் ஊருக்குக் கடிதம் போட்டாளாம்.

இன்று வரப்போவது கடைசி வாரம். தொடரில் ஒலி சேர்ப்பது மாதங்கியின் வேலை. டாலிகஞ்ச் ஸ்டுடியோவில் அந்தக் கடைசிக் காட்சி அவள் மேஜைக்கு வந்தபோது அவளும் ஒரு கணம் கையை எடுத்துவிட்டாள். துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை. குண்டு தேநீர் குடிக்கிறார், செருப்பு மாட்டுகிறார், வாசற்படியில் திரும்புகிறார். ‘ஜாய்’ என்கிறார். அவ்வளவுதான். வாசல் வெளிச்சத்தில் இறங்கிப் போகிறார், திரை இருட்டாகிறது. எங்கே போகிறார், யார் காத்திருக்கிறார்கள் என்று எதுவுமில்லை. வங்காளி தெரிந்த யாருக்கும் அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

முடிவை வெளியே சொல்லமாட்டேன் என்று சேனலுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். அப்பா ஒரு மாசமாக அவள் வாயைக் கிளறிப் பார்த்தார். குண்டு செத்துடுவானா, காசிக்குப் போறானா, கல்யாணம் பண்ணிக்கறானா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அவள் முகத்தைப் பார்ப்பார். கிடர்பூர் துறைமுகத்தில் கஸ்டம்ஸில் முழு சர்வீஸும் போட்டவர். பெட்டியைத் திறக்கும்போது பெட்டியைப் பார்க்கிறவன் ஏமாறுவான், பக்கத்தில் நிற்கிறவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய தொழில் பாடம். மாதங்கி அவருக்கு மூஞ்சியைக் காட்டாமல் மருந்து ஊற்றிக் கொடுப்பாள்.

அம்மாவிடம்தான் சொல்லிவிட்டாள். அது நேற்று, ஃப்ளெக்ஸ் விவகாரத்தில் நடந்தது.

பவானிபூரில் அவர்கள் சந்துக்குள் இருக்கும் க்ளப், குண்டுவை வழியனுப்ப ஏற்பாடு பண்ணியிருந்தது. சந்து முனையில் பெரிய திரை, நாற்காலிகள், ஒலிபெருக்கி. நேற்றுக் காலையில் அப்பாவின் ஜன்னலுக்கு நேர் எதிரே, ஆளுயர ஃப்ளெக்ஸில் குண்டுவின் படத்தைக் கட்டி, அதற்கு வெள்ளைப் பூவில் மாலையும் போட்டிருந்தார்கள். கீழே யாரோ ஊதுவத்தி வேறு. அம்மா பால் வாங்கப் போனவள் அதைப் பார்த்துவிட்டுக் காலிப் பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, அதற்குமேல் ஒரு போர்வையையும் போட்டாள். பிறகு க்ளப் செயலாளர் ரஞ்சனைக் கூப்பிட்டு விட்டாள். ரஞ்சன்தா எதிர் வீட்டுக்காரர். தலை நரைத்த பிறகும் அம்மாவை மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிட்டுக்கொண்டு வளையவருகிறவர். மரியாதைக்குப் போட்ட மாலை மாஷிமா, வேறொன்றும் இல்லை என்று நெளிந்தார். உடனே ஆள் ஏற்றி மாலையை எடுக்கவும் வைத்தார். ஆனால் மாலை கட்டியிருந்த கயிறு படத்தின் கழுத்தில் அப்படியே கிடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, மாதங்கியைத் தவிர.

அதற்குப் பிறகுதான் அம்மா சமையலறையில் அவளை நிறுத்தி, அந்த மனுஷன் கடைசியில் என்னதான் சொல்லித் தொலைக்கிறான் என்று கேட்டாள். மாதங்கி சொன்னாள். அம்மா அடுப்பை அணைத்தாள்.

“நாளைக்கு அந்த வார்த்தை இந்த ஆத்துக்குள்ள வரப்படாது.”

“ஊரே பார்க்கப்போறதும்மா. எப்படித் தடுக்கறது?”

“மாத்து. உன் கையிலதானே இருக்கு எல்லாம். ஒரு வார்த்தைதானே.”

ஊருக்கு மாத்த முடியாது என்றாள் மாதங்கி. ஊருக்கு யார் கேட்டா என்றாள் அம்மா. எல்லாவற்றையும் அவளே யோசித்து வைத்திருந்தாள். சாயந்திரம் வருவதற்கு முன்னால், மத்தியானமே அப்பாவுக்கு மட்டும் லேப்டாப்பில் போட்டுக் காட்டிவிட வேண்டும். ஏழு மணிக்கு அவர் தூங்கிவிடுவார். ஒலிபெருக்கியைச் சந்துக்கு அந்தப் பக்கம் திருப்பிவைக்க ரஞ்சன் ஒப்புக்கொண்டிருக்கிறார். சொல்லும்போது அவள் கை புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தது. அந்த வார்த்தை காதில் விழுந்தால் அப்பா அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று அவள் நிச்சயமாக நம்பினாள். மாதங்கிக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் இல்லை என்று சொல்கிற தைரியமும் இல்லை.

ஆகவே ஆஷி. அவளிடம் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆஷிகள் இருந்தன. மழையில் சொன்னது, டிராம் மணிக்கு நடுவே சொன்னது, ஜலதோஷத்தோடு சொன்னது, சிரித்துக்கொண்டே சொன்னது. எதையாவது எடுத்து ஒட்டிவிட முடியாது. ஒவ்வொரு அறைக்கும் தன்னுடையதான ஒரு நிசப்தம் உண்டு. மின்விசிறி, சுவர், வெளியே தூரத்துத் தெரு எல்லாம் சேர்ந்து, யாரும் பேசாதபோதும் மெல்ல முனகிக்கொண்டிருக்கும். அதனால்தான் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, வெறும் அறையை மட்டும் கொஞ்ச நேரம் பதிவு செய்துகொள்வார்கள். வேறு அறையில் சொன்ன வார்த்தையைக் கொண்டுவந்தால், அதன் அடியில் இந்த அறையின் நிசப்தத்தைப் பாய் மாதிரி விரிக்க வேண்டும். ஓரங்களைத் தேய்த்துவிட வேண்டும். அப்புறம் வாய். ஜாய் சொல்லும்போது தாடை திறந்து பிறகு ஒடுங்குகிறது. ஆஷி சொல்லும்போதும் அப்படித்தான். பாதி முகம் நிழலில் வேறு இருந்தது. அதிர்ஷ்டம்தான்.

கணினியில் சத்தம் என்பது மேடும் பள்ளமுமாக ஓடுகிற ஒரு கோடு. வார்த்தை இருக்கும் இடத்தில் கோடு எழும்பும். யாரும் பேசாத இடத்தில் தட்டையாகக் கிடக்கும். குண்டு பேசிய இடத்தை மாதங்கி மயிரிழை மயிரிழையாகச் சரிசெய்தாள். அதற்கு அப்புறம் கோடு தட்டையாகவே போயிற்று. அங்கே அவளுக்கு வேலை இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு அப்பா கண்ணை விழித்தார். முகத்தில் எலும்பு தெரிந்தாலும் கண் தெளிவாக இருந்தது. மாதங்கி லேப்டாப்பைக் கொண்டுவந்து கட்டில்மேல் தலையணையை அணைத்து வைத்தாள்.

“என்னடி இது?”

“கடைசி எபிசோட். உனக்கு மட்டும், ஊருக்கு முன்னாடி.”

“ஜெயில்ல போட்டுடப் போறாண்டி உன்னை.”

“நீ வந்து ஜாமீன் எடு.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நெடுநேரம் ஓயவில்லை. அது அடங்கும்வரை மாதங்கி அவர் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்கைக்கு அடியில் விலா எலும்புகள் தனித்தனியாக ஏறி இறங்கின. அம்மா கஞ்சி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். போகும்போது மாதங்கியை ஒரு பார்வை பார்த்தாள்.

முழுசாகப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. கடைசிப் பகுதியை மட்டும் போட்டாள். அதிலும் நடுவில் இரண்டு தடவை தூங்கிப்போனார். மூச்சு நிற்கும்போதெல்லாம் மாதங்கி படத்தை நிறுத்தினாள். மூச்சு திரும்பி வந்ததும் ஓடவிட்டாள். போர்வை போட்ட ஜன்னலால் அறை பகலிலேயே இருண்டு கிடந்தது. திரையின் வெளிச்சம் மட்டும் அவர் முகத்தில். கொலைகாரன் யாரென்று அவர் முன்பே சொல்லிவிட்டார், அது சரியாகவும் இருந்தது. அதற்காக ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.

குண்டு தேநீர் குடித்தார். செருப்பை மாட்டினார். வாசற்படியில் திரும்பினார். ‘ஆஷி’ என்றார்.

ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை. மாதங்கி, தான் செய்தது என்று தெரிந்திருந்தும், ஒரு கணம் நம்பினாள். குண்டு வெளிச்சத்தில் இறங்கிப் போனார். திரை இருட்டாயிற்று.

யந்திரம் பெருமூச்சு விட்டது. அப்பா இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பௌதி ஏன் எஷோ சொல்லலை?”

மாதங்கிக்குப் புரியவில்லை. “என்னப்பா?”

“அவன் ஆஷின்னான். அவ எஷோன்னு சொல்லணும்.” மூச்சு வாங்கினார். “சொல்லலையே. வாயப் பொத்திக்கறா. வரேன்னு சொல்றவனைப் பார்த்து எவளாவது வாயப் பொத்திப்பாளா?”

தட்டையாகக் கிடந்த அந்தக் கோடு மாதங்கியின் கண்ணுக்கு முன்னால் வந்தது. அங்கே சத்தம் இல்லை. ஆனால் ஒரு முகம் இருந்தது. சொன்னவன் வார்த்தையை மாற்றிவிட்டாள். கேட்டவள் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

“ஜாய்னு சொல்லிருக்கான்,” என்றார் அப்பா. இதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. “ஊருக்கெல்லாம் ஜாய். எனக்கு மட்டும் ஆஷியா?”

அவள் மூக்குக் குழாயைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

“பதினேழு வருஷத்துல ஒரு நாள் முன்கூட்டிக் காட்டினதில்லை நீ. கெஞ்சிருக்கேன். இன்னிக்குத் தானா எடுத்துண்டு வரே. அதுவும் திருத்தி.” கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு நின்றது. அது நின்றிருந்த நேரம் முழுவதும் மாதங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். “அந்த வார்த்தை எனக்கு ஆகாதுன்னு சொன்னது யாரு? டாக்டரா, அம்மாவா?”

என்ன சொன்னாலும் அது ஒரே பதில்தான் என்று மாதங்கிக்குத் தெரிந்தது. கிருமிதானே அப்பா, நாலு நாளில் சரியாகிவிடும் என்று சொல்ல வேண்டிய இடம் இது. ஜெய்ராமாக இருந்தால் சொல்லியிருப்பான். கணீரென்று சொல்லியிருப்பான்.

“அம்மா,” என்றாள்.

அப்பா தலையை ஆட்டினார். கப்பலில் தேடிய சரக்கு கையில் கிடைத்துவிட்டால் அதற்குமேல் சத்தம் போடாமல் சீல் வைக்கிறவர்.

“ஜெய்ராம் எப்போ வரான்?”

“ராத்திரி ஃப்ளைட்ல.”

“ராத்திரியா,” என்றார். ஹூக்ளி ஆற்றில் தண்ணீர் ஏறுகிற வேளையில்தான் கப்பல் உள்ளே வர முடியும். அது தவறினால் ஆற்றுவாயில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். கப்பல் எந்த ஏற்றத்துக்கு வருகிறது என்று வேலையில் இருந்த நாட்களில் போனில் விசாரிப்பார். அதே குரல். போர்வை தொங்கும் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே மணி என்ன இருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. “சரி. நிஜத்தைப் போடு.”

“வேண்டாம்ப்பா.”

“உன் வேலைதானேடி அது. நான் கேக்க வேண்டாமா?”

சமையலறையில் பாத்திரம் இறக்குகிற சத்தம் கேட்டது. மாதங்கி எழுந்துபோய்க் கதவை ஒருக்களித்தாள். அம்மா கேட்டால் வாழ்நாள் முழுக்க மன்னிக்கமாட்டாள். அப்பா கேட்காமல் போனால்? அந்தக் கேள்வியை முடிக்காமலே வந்து உட்கார்ந்தாள். ஒலியைக் குறைத்தாள். ஸ்டுடியோவிலிருந்து கொண்டுவந்திருந்த அசலைத் திறந்தாள்.

அப்பா இந்தத் தடவை திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டார். கோப்பை வைக்கும் ஒலி. செருப்பு. தாழ்ப்பாள். நாலு எட்டு நடை, திரும்பும்போது செருப்பு தரையில் உரசுவது. பிறகு ஒன்றுமே இல்லாத ஓர் இடம். அது போய்க்கொண்டே இருந்தது. இனி பேசமாட்டார் என்று தோன்றுகிற அளவுக்குப் போயிற்று. அப்புறம் அந்த வார்த்தை.

கட்டிலில் எதுவும் ஆகவில்லை. யந்திரம் சல்லடை மாற்றிக்கொண்டது.

“அதுக்கு முன்னாடி ஒண்ணுமில்லாம இருக்கே, அந்த இடம்,” என்றார் அப்பா கண்ணைத் திறக்காமல். “அது அவன் விட்டதா, நீ வெச்சதா?”

“அவர் கொஞ்சம்தான் விட்டார். நான் நீட்டினேன். டைரக்டர் வேண்டாம்னார்.”

“நன்னா இருக்கு.”

அதற்குள் அம்மா கஞ்சியோடு வந்துவிட்டாள். டம்ளரைப் புடவைத் தலைப்பால் பிடித்திருந்தாள். மூடியிருந்த லேப்டாப்பையும் மாதங்கியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பார்த்தாச்சா, ஏன்னா? என்ன சொன்னான் உங்க குண்டு?”

அப்பா கண்ணைத் திறந்தார். அம்மாவின் முகத்தை, தொழில்முறையில் பார்ப்பதுபோல, கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஆஷின்னான்,” என்றார்.

“பின்னே? வராம எங்க போவான்.” அம்மாவின் தோள் இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் கஞ்சியை ஆற்றினாள். அவர் மூன்று வாய் குடித்தார். நாலாவதற்கு உதட்டைத் திறக்கவில்லை. போதும் போல இருக்கு என்று அம்மாவே சொல்லிக்கொண்டு வாயைத் துடைத்துவிட்டாள்.

சாயந்திரம் ஆக ஆக மூச்சுக்கு நடுவே இருந்த இடங்கள் நீண்டன. காற்றே இல்லை. வெளியே க்ளப்காரர்கள் நாற்காலி இழுக்கும் சத்தமும் ஒலிபெருக்கியைத் தட்டி ஹலோ ஹலோ என்று சோதிக்கும் சத்தமும் வந்தன. அம்மா ஒவ்வொரு ஹலோவுக்கும் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். ஜெய்ராம் விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டு, பெட்டியைக் கொடுத்துவிட்டேன், அப்பா எப்படி என்று கேட்டான். மாதங்கி கூடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். தூங்குகிறார் என்று சொல்ல வாயெடுத்தபோது அடுத்த அறையின் நிசப்தம் மாறிவிட்டது. யந்திரம் அதுபாட்டுக்கு இழுத்து, சலித்து, பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வளையல் சத்தம்கூடக் கேட்டது, அம்மா காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் இருந்தன. அடியில் விரித்திருந்ததை மட்டும் யாரோ உருவிவிட்டார்கள். மாதங்கி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஹலோ, ஹலோ என்றான் ஜெய்ராம்.

உள்ளே போய் யந்திரத்தை அணைத்தது அவள்தான். அது நின்ற பிறகுதான் அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் திரும்ப வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். அப்பாவைக் கூடத்தில், தெற்கே தலைவைத்துக் கிடத்தினார்கள். அம்மா விளக்கேற்றினாள். லேக் வட்டாரத்தில் இருக்கும் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் வந்தன. காலையில் ஜெய்ராம் கையால் கேவராதலா சுடுகாட்டில் தகனம் என்று முடிவாயிற்று. ரஞ்சன்தா வாசலில் செருப்பை விட்டு வந்து அப்பாவின் காலைத் தொட்டார். மேஷோமோஷாய், சித்தப்பா, என்று ஒரு தடவை கூப்பிட்டார். பிறகு வெளியே போய்ப் பையன்களிடம் ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியின் இரைச்சல் அறுந்தது. நாற்காலிகளை மடித்து அடுக்கினார்கள். திரையைச் சுருட்டினார்கள். குண்டுவை வழியனுப்ப வந்தவர்கள் சத்தமில்லாமல் அவரவர் வீட்டுக்குக் கலைந்தார்கள்.

அம்மா ரஞ்சன்தாவின் மனைவியிடம் பாதி வங்காளியிலும் பாதி தமிழிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானம் முழிச்சுண்டு பேசினார். சிரிச்சார். மூணு வாய் கஞ்சி குடிச்சார். அவருக்குப் பிடிச்ச தொடரைப் பார்த்தார்.

“கடைசிவரைக்கும் அவருக்கு ஒண்ணும் தெரியாது,” என்றாள். “அந்த மட்டும் நல்லது. இல்லையாடி மாது?”

“ஆமாம்மா,” என்றாள் மாதங்கி.

கூடத்தில் ஆள் சேர்ந்து புழுங்கியது. ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள். மாதங்கி அப்பாவின் அறைக்குப் போய்ப் போர்வையை எடுத்து, திரையை விலக்கி, கொக்கியை நீக்கினாள். கட்டில் காலியாக இருந்தது. விளக்கைப் போடவில்லை.

சந்து இருண்டிருந்தது. யாரும் சொல்லாமலே எல்லா வீட்டிலும் தொலைக்காட்சியின் சத்தத்தை ஒடுக்கியிருந்தார்கள். ஆனால் அணைக்கவில்லை. எதிர் வீட்டுச் சுவரின் ஜன்னல்களில் நீல வெளிச்சம் ஏறியும் இறங்கியும் அசைந்தது. ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. அவளுக்குச் சத்தம் தேவையாக இருக்கவில்லை. காட்சி மாறும்போது வெளிச்சமும் மாறும். அந்த மாற்றங்களின் வரிசை அவளுக்கு மனப்பாடம். இது போலீஸ் ஸ்டேஷன். இது படிக்கட்டு. இது தேநீர்.

எல்லா ஜன்னலும் ஒரே சமயத்தில் மாறவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். கீழ்த்தளத்தில் கேபிள். சேனலிலிருந்து கம்பி வழியாக நேரே வருவது, அது முந்திக்கொள்ளும். நடுத்தளத்தில் மொட்டைமாடியில் வைத்த டிஷ் குடை வழியாக வருகிறது. அந்தப் படம் வானத்துக்குப் போய் அங்கிருந்து இறங்க வேண்டியிருக்கிறது, ஆகவே கொஞ்சம் பின்தங்கும். எல்லாவற்றுக்கும் கடைசி போன். படத்தைத் துண்டு துண்டாக வாங்கி, கையில் கொஞ்சம் சேர்ந்த பிறகுதான் ஓடவிடும். மூன்றாம் மாடி பால்கனியில் ரஞ்சன்தா வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் போனை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

கீழ்த்தள ஜன்னல் பளிச்சென்று வெளுத்தது. வாசல் வெளிச்சம். அது அப்படியே நின்றது, அவள் நீட்டிவைத்த நேரம் முழுவதும் அசையாமல் நின்றது. பிறகு அணைந்தது. சற்றுப் பொறுத்து நடுத்தள ஜன்னல் வெளுத்து, நின்று, அணைந்தது.

“மாது,” என்று அம்மா கூடத்திலிருந்து கூப்பிட்டாள். “வெளுத்த வேஷ்டி ஒண்ணு எடுத்துண்டு வா.”

மாதங்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே, பால்கனியில், அந்தப் பெண்ணின் முகத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது.